ஆட்டிசம்: இருபது ஆண்டு ஆய்வுக்கு அரசுப் பணம் போக வேண்டுமா, பயிற்சி மையத்துக்குப் போக வேண்டுமா?

8 ஜூன் 2025, காட்பாடி வாசகியின் கேள்வி

என் மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் என்று சென்ற ஆண்டுதான் சொன்னார்கள். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் போகிறோம். ஒரு முறைக்கு 500 ரூபாய். குழந்தை வளர்ச்சியைப் பிறப்பிலிருந்து இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகளுக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று இந்த இணையப் பக்கத்தில் சிலர் எழுதுகிறீர்கள். அந்த ஆய்வு முடியும்போது என் மகனுக்கு 24 வயது. அவனுக்கு அதனால் என்ன கிடைக்கும்? அந்தப் பணத்தில் ஒன்றியத்துக்கு ஒரு பயிற்சியாளரை நியமித்தால் போதாதா?

8 ஜூன், இரவு

போதாது. ஆனால் உங்கள் கோபம் முழுக்க நியாயம். அதைத் தணிப்பதற்காக இதை எழுதவில்லை.

நான் 2004 முதல் 2009 வரை குடியாத்தம் பக்கத்தில் ஒரு தொடர் ஆய்வில் களப்பணியாளராக இருந்தேன். எந்த ஆய்வு என்பது வேண்டாம். ஐந்து ஆண்டுகள், அதே தெருக்கள், அதே வீடுகள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். வயிற்றுப்போக்கு உண்டா, காய்ச்சல் உண்டா, தாய்ப்பால் தொடர்கிறதா என்று கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை எடை, உயரம். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றியபடியே தாய்மார்கள் பதில் சொல்வார்கள். கை நிற்காது. நின்றால் அன்றைய கூலி குறையும்.

ஒரு குழந்தையை ஒருமுறை பார்ப்பவருக்கு அன்றைய நிலைமைதான் தெரியும். ஐந்து ஆண்டுகள் பார்த்தவருக்கு அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். உங்கள் மகனுக்கு எந்தப் பயிற்சி எந்த வயதில் எவ்வளவு காலம் கொடுத்தால் பயன் என்று பயிற்சியாளருக்குச் சொல்ல வேண்டியவர்கள், இப்படிப் பல பிள்ளைகளை நெடுங்காலம் பார்த்தவர்கள்தான். பார்த்தவர் இல்லையென்றால் ஒன்றியத்துக்குப் பத்துப் பயிற்சியாளர்களைப் போட்டாலும் அவர்கள் வேறு நாட்டுக் குழந்தையின் கணக்கை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

9 ஜூன்

நேற்று எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு.

என் பட்டியலில் ஒரு பையன் இருந்தான். எடை நன்றாக ஏறியது. உயரமும் சரி. நோய் நொடி குறைவு. எங்கள் கணக்கில் அவன் நல்ல குழந்தை. ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். எதையும் விரல் நீட்டிக் காட்ட மாட்டான். தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்குவான். வரிசையை யாராவது கலைத்தால் ஒரு மணி நேரம் அழுவான். ஒன்றரை வயதிலிருந்து இதைப் பார்த்தேன். என் படிவத்தில் அதை எழுத இடமில்லை. எடைக்கு ஒரு கட்டம், உயரத்துக்கு ஒரு கட்டம், மலம் எத்தனை முறை என்பதற்கு ஒரு கட்டம். ‘அழைத்தால் திரும்புகிறானா’ என்பதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் இரண்டு முறை குறித்து வைத்தேன். கணினியில் ஏற்றும்போது ஓரக் குறிப்புகள் ஏறாது.

அதே ஆண்டுகளில் என் அக்கா மகனும் பேசாமல் இருந்தான். “ஆண் பிள்ளை, தாமதமாகத்தான் பேசும்” என்று ஒரு மருத்துவர் சொன்னார். நானும் அதையே சொன்னேன். தினம் குழந்தைகளை அளந்துகொண்டிருந்த நான் சொன்னதால் அக்கா நம்பினாள். அவனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது ஆறு வயது.

16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு ஆட்டிசம் அறிகுறி உண்டா என்று பார்க்க 23 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் அப்போதே உலகில் இருந்தது. ஆம், இல்லை என்று தாய் பதில் சொன்னால் போதும். கால் மணி நேரம்கூட ஆகாது.

9 ஜூன், மாலை

“அந்தக் காலத்தில் ஆட்டிசம் ஏது?” என்று கேட்டவருக்கு. அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளை வைத்து அரசே கணக்கெடுக்கிறது. 2000ஆம் ஆண்டுக் கணக்கில் 150 பேரில் ஒருவர், 2022 கணக்கில் 31 பேரில் ஒருவர். வரையறை விரிந்தது, கண்டறிவது கூடியது, பெண் குழந்தைகளையும் இப்போது கவனிக்கிறார்கள். ஏற்றத்தின் பெரும்பகுதிக்கு இவை காரணம். இந்தியாவில் பல்வல், காங்ரா, தேன்கனால், வட கோவா, ஹைதராபாத் என ஐந்து இடங்களில் 3,964 குழந்தைகளைப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. காது கேளாமை முதல் ஆட்டிசம் வரை எல்லா வளர்ச்சிக் குறைபாடுகளையும் அது சேர்த்துப் பார்த்தது. அந்த ஐந்து இடங்களில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றும் இல்லை. அதுவும் ஒருமுறை எடுத்த கணக்குத்தான். அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

13 ஜூன்

“இருபது ஆண்டு ஆய்வெல்லாம் நம் ஊரில் நடக்கிற காரியமா?” என்று ஆம்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, நம் ஊரில்தான் நடந்தது.

1969 முதல் 1973 வரை, வட ஆர்க்காடு இன்னும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களிலும் திருமணமான இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பதிவு செய்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்தவுடன் அளந்தார்கள், பிறகும் போய் அளந்தார்கள். கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வேலை அது. அந்தக் குழந்தைகள் 26 முதல் 32 வயதுக்காரர்களாக வளர்ந்தபின் அவர்களில் 2,218 பேரைத் தேடிப் பிடித்துச் சர்க்கரை அளவு பார்த்தார்கள். சிறு வயதில் மெலிந்திருந்து பிறகு வேகமாக எடை ஏறியவர்களுக்குச் சர்க்கரை நோய் வாய்ப்பு கூடுதல் என்பதை இந்த ஊர் உடம்புகளே காட்டின. 1969இல் தராசு பிடித்தவர் எவரும் சர்க்கரை நோயைப் பற்றி நினைத்திருக்க மாட்டார்.

2002இலும் நம் நகரத்துக் குடிசைப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்தார்கள். 373 குழந்தைகளை மூன்று வயது வரை. ராம்நாய்க்கன்பாளையம், சின்னஅல்லாபுரம், கஸ்பா. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸ் ஒருமுறை வந்தால் மறுமுறை வராமல் உடம்பு எவ்வளவு காத்துக்கொள்கிறது என்பது கேள்வி. மெக்சிகோவில் கண்ட அளவு காப்பு இங்கே இல்லை என்பது விடை. வேறு நாட்டுக் கணக்கு நமக்குப் பொருந்தாது என்று 8ஆம் தேதி எழுதினேனே, அதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

என் வருத்தம் பணத்தில்தான். 1969 குழந்தைகளைப் பெரியவர்களானபின் தேடிப்போனது பிரிட்டிஷ் இதய அறக்கட்டளையின் பணம். ரோட்டா வைரஸ் ஆய்வு லண்டன் வெல்கம் அறக்கட்டளையின் பணம். நம் வரிப்பணம் நம் குழந்தையின் இருபது ஆண்டுக்கு ஒருமுறையும் வரவில்லை.

14 ஜூன்

நேற்றைய கடைசி வாக்கியம் தவறு. திருத்துகிறேன். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2015 முதல் குருகிராம் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளைச் சேர்த்துத் தொடரும் ஓர் ஆய்வை நடத்துகிறது. குறைமாதப் பிரசவம் ஏன் என்பது அதன் மையக் கேள்வி. ஆக, அரசு மனம் வைத்தால் முடியும். நாடு முழுவதும் எல்லா ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவிடுவது மொத்த உற்பத்தி மதிப்பில் 0.64 சதவீதம். அந்தச் சிறு கிண்ணத்துக்குள் கையை விட்டு, பேச்சு வராத குழந்தைக்கு எடுத்துக் கொடுப்பவர் யார்? அதுதான் கேள்வி.

21 ஜூன்

காட்பாடி சகோதரி மறுபடி எழுதியிருக்கிறார்: “இப்படிப்பட்ட ஆய்வுகளால் ஆட்டிசம் விஷயத்தில் இதுவரை என்ன கிடைத்தது? ஒன்று சொல்லுங்கள்.”

இரண்டு சொல்கிறேன்.

நார்வேயில் 1999 முதல் 2008 வரை கர்ப்பிணிகளைச் சேர்த்து ஏறத்தாழ 1,14,000 குழந்தைகளைத் தொடர்கிறார்கள். அந்நாட்டு அரசின் பணம் அதன் முதுகெலும்பு. அதற்குள்ளேயே ஆட்டிசத்துக்கென்று தனி ஆய்வு, அதற்கு அமெரிக்க அரசின் பணமும் சேர்ந்தது. அதிலிருந்து 85,176 குழந்தைகளை வைத்து 2013இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். கருத்தரிப்பதற்குச் சற்று முன்பிருந்து முதல் வாரங்கள் வரை ஃபோலிக் அமிலம் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் கடுமையான வகை ஆட்டிசம் ஆயிரத்தில் ஒன்று. சாப்பிடாதவர்களின் குழந்தைகளில் ஆயிரத்தில் இரண்டு. மாத்திரைதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மற்ற விதங்களிலும் வேறுபட்டவர்களாக இருக்கலாம். எந்தத் தாயும் இதைப் படித்துவிட்டுத் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அந்தத் தாய்மார்கள் எந்த வாரத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்பதைக் குழந்தை பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்ததால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்தது. ஆறு ஆண்டு கழித்துக் கேட்டால் எவருக்கு நினைவிருக்கும்? நம் கிராமத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பெண்கள் வருவதே மாதவிடாய் இரண்டு மாதம் தள்ளிய பிறகு.

இரண்டாவது, தடுப்பூசி. 1998இல் லண்டனில் 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் அச்சம் திரும்பவில்லை. டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, தடுப்பூசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை என்று 2019இல் சொன்னார்கள். நான் தெருவில் நின்று தடுப்பூசிக்காகத் தாய்மார்களிடம் பேசிய காலத்தில் இந்த எண் என் கையில் இல்லை. “ஒன்றும் ஆகாது, போடுங்கள்” என்ற வாய்ச்சொல்தான் இருந்தது. 12 குழந்தைகள் கிளப்பிய புகையை அடக்க ஆறரை லட்சம் குழந்தைகளின் கணக்கு வேண்டியிருந்தது.

22 ஜூன்

அமெரிக்கா இப்படி ஒன்றை நிறுத்திவிட்டதே என்று கேட்டவர் சொல்வது உண்மை. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு லட்சம் குழந்தைகளைக் கருவிலிருந்து 21 வயது வரை தொடரத் திட்டமிட்டார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் செலவான பிறகு, முன்னோட்டக் கட்டத்தைத் தாண்டாமலே 2014 டிசம்பரில் கைவிட்டார்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே ஆய்வில் விடை தேடியதும், வழிமுறையை நடுவில் மாற்றிக்கொண்டே இருந்ததும் அதைச் சாய்த்தன. அதே நாடு ஆட்டிசத்துக்கென்று 2006இல் தனிச் சட்டம் போட்டது. காலாவதியாகும்போதெல்லாம் புதுப்பித்தது. 2019இல் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 180 கோடி டாலர். 2024 டிசம்பரில் மறுபடியும் புதுப்பித்தார்கள். பெற்றோர் சங்கங்கள் ஒவ்வொரு முறையும் போய் நின்றதால் நடந்தது அது. நம்மில் யார் போய் நின்றோம்?

2 ஜூலை

பத்து நாள் எழுதவில்லை. அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த இழையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

“ஐந்து வருடம் அந்தப் பிள்ளைகளை அளந்தாயே, அந்தத் தாய்களுக்கு என்ன கொடுத்தாய்?” என்று கேட்டாள்.

ஓஆர்எஸ் பொட்டலம் கொடுத்தோம், இலவச சிகிச்சை கொடுத்தோம் என்றேன். “அந்தப் பையனுக்கு?” என்றாள். அவளிடம் அவனைப் பற்றி எப்போதோ சொல்லியிருந்தேன்.

முதல் நாள் “போதாது” என்று ஒரே வெட்டாக வெட்டினேனே, காட்பாடி சகோதரி, அதை இன்று அப்படி எழுத மாட்டேன். குறை கண்டுபிடித்த அன்றே உதவி தராத ஆய்வுக்கு அரசு ஒரு ரூபாயும் தரக் கூடாது. பயிற்சியாளர் வேண்டும் என்று நீங்கள் கேட்டதும் நான் கேட்பதும் ஒரே திட்டத்துக்குள் இருக்க வேண்டியவை.

அக்கா மகனுக்கு இப்போது 19. பள்ளி முடிந்துவிட்டது, அதாவது பள்ளி அவனை முடித்துவிட்டது. பதினெட்டு ஆனவுடன் சட்டப்படி காப்பாளர் நியமனத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் மனு செய்ய வேண்டும். 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம். பெற்ற தாய்க்குத் தன் பிள்ளைக்குக் காப்பாளர் என்று ஒரு காகிதம் தேவைப்படுகிறது என்பதையே அவள் தாமதமாகத்தான் அறிந்தாள். இரவில் தூங்காமல் நடக்கிறான். பற்களைக் கடிக்கிறான். இருபத்தைந்தில் எப்படி இருப்பான், நாற்பதில்? எங்களைப் போன்ற குடும்பத்தில், எங்கள் சாப்பாட்டில், எங்கள் தெருவில் வளர்ந்த ஆட்டிசப் பிள்ளைகள் நாற்பது வயதில் எப்படி இருக்கிறார்கள் என்று யாரையாவது காட்டச் சொல்கிறாள் அக்கா. ஒருவரையும் காட்ட முடியவில்லை.

5 ஜூலை

அக்காவின் கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தேன். புதிதாகக் கட்ட வேண்டியது குறைவு.

தமிழ்நாட்டில் எந்தக் கர்ப்பிணிக்கும் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் உண்டு. அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பாடு. அந்தப் பெயரின் விரிவிலேயே கர்ப்பிணியையும் குழந்தையையும் தொகுதியாகத் தொடர்ந்து பார்ப்பது என்ற பொருள் இருக்கிறது. பெயர் வைத்தவர் சரியாகத்தான் வைத்தார். கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். அங்கன்வாடி இருக்கிறது. 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வண்டி அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை, பள்ளிக்கு ஒருமுறை வர வேண்டும் என்பது விதி. வளர்ச்சிக் குறைபாடு கண்டால் அனுப்புவதற்கு மாவட்டத்துக்கு ஒரு தொடக்கநிலை இடையீட்டு மையம் என்பதும் அதே திட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஆட்டிசத்தைச் சேர்த்தது. சான்றிதழுக்கு நம் நாட்டிலேயே உருவான 40 கேள்வி அளவுகோல் இருக்கிறது. 70 மதிப்பெண்ணிலிருந்து ஆட்டிசம்.

இல்லாதது ஒன்றுதான். பிக்மி எண்ணில் உள்ள குழந்தையும், அங்கன்வாடியில் அழைத்தால் திரும்பாத குழந்தையும், பத்து வயதில் பள்ளியிலிருந்து நின்ற குழந்தையும், பதினெட்டில் காப்பாளர் மனு போடும் குழந்தையும் ஒரே குழந்தை என்று அறிந்த ஒரு ஆள்.

அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இதில் செலவின் பெரும்பங்கு இயந்திரமோ மருந்தோ ஆகாது. மனிதர்களின் மாதச் சம்பளம்தான். மூன்று ஆண்டுத் திட்டம் என்று பணம் ஒதுக்கினால் மூன்றாம் ஆண்டு பாதியிலேயே எல்லோரும் வேறு வேலை தேட ஆரம்பிப்போம். நான் தேடினேன். 2009இல் எங்கள் திட்டம் முடிந்தபோது படிவங்களை அட்டைப் பெட்டிகளில் கட்டினோம். எந்தக் குழந்தை எந்தச் சந்தில் இருக்கிறது, யார் வாணியம்பாடிக்குக் குடிபோனார்கள், யார் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பொங்கலுக்கு வருவார்கள் என்பதெல்லாம் எங்கள் தலையில் இருந்தது. அதைக் கட்டப் பெட்டி இல்லை.

அதனால் நான் கேட்பது: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலும் சில ஒன்றியங்களில் மட்டும், இருபது ஆண்டுக்கு உறுதி செய்த பணம், நிரந்தரப் பணியாளர்கள், ஒவ்வொரு ஒன்றியத்திலும் பயிற்சியாளர். ஒரு லட்சம் குழந்தை வேண்டாம். ஐந்தாயிரம் போதும், ஒருவரையும் தொலைக்காமல் இருந்தால்.

6 ஜூலை

ஐந்தாயிரத்தில் ஆட்டிசம் உள்ளவர்கள் ஐம்பது பேர் அளவில்தான் தேறுவார்கள், அதை வைத்துக் காரணம் கண்டுபிடிக்க முடியாது என்று கணக்கு ஆசிரியர் ஒருவர் சரியாகச் சுட்டியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். காரணம் தேட லட்சங்கள் வேண்டும். அந்த ஐம்பது பேரும் எப்படி வளர்ந்தார்கள், எது உதவியது, எது கெடுத்தது என்று பார்க்க ஐம்பது பேரே பெரிது.

19 ஜூலை

தோல் தொழிற்சாலைக் கழிவால்தான் ஆட்டிசம் என்று ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர் உறுதியாக எழுதுகிறார். அளக்காமல் குற்றம் சாட்ட முடியாது, விடுவிக்கவும் முடியாது. நம் ஊரும் சேர்ந்து எட்டு நாடுகளில் 2009இல் தொடங்கிய குழந்தைகள் ஆய்வு வயிற்றுப்போக்கையும் ஊட்டச்சத்தையும் பார்க்க வந்தது. கேட்ஸ் அறக்கட்டளையின் பணம். அதே வேலூர்க் குழந்தைகளை ஐந்து வயது வரையும் அதன்பிறகும் தொடர்ந்ததால் இரத்தத்தில் ஈயம், இரும்புச்சத்துக் குறைவு, வளர்ச்சி குன்றல் ஆகியவை அறிவு வளர்ச்சியோடு எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று பார்க்க முடிந்தது. ஈயத்தைத் தேடி வந்தவர்கள் அல்லர் அவர்கள். இரத்தத்தை எடுத்து வைத்திருந்தார்கள், குழந்தைகளைத் தொலைக்காமல் இருந்தார்கள்.

3 ஆகஸ்ட்

குடியாத்தம் போனேன். அந்தப் பையன் வீட்டுக்கு. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு.

சந்து அதே சந்து. ஓட்டு வீட்டுக்கு முன்னால் இப்போது தகரக் கூரை. அந்த அம்மா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். “தராசு அக்கா” என்றார். முறம் இன்னும் மடியில் இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தண்ணீர் கேட்டேன்.

அவனுக்கு 21 வயது. பேச்சு இல்லை. உள்ளே உட்கார்ந்து காலித் தீப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இப்போது அதற்குக் கூலி வருகிறது. பக்கத்துக் கடைக்காரர் பத்துப் பத்தாக அடுக்கித் தரச் சொல்கிறாராம். ஒன்றுகூடப் பிசகாது என்றார் அம்மா.

என்னைப் பார்த்துவிட்டு எழுந்தான். நேராகக் கதவு ஓரச் சுவருக்குப் போய், முதுகை ஒட்டி, குதிகாலைச் சேர்த்து நின்றான். நான் அவனை நிறுத்திய மாதிரியே.

“நீங்கள் வருவது நின்றபிறகும் தேதி வந்தால் போய் நிற்பான், நகர மாட்டான். அதனால் பொங்கலுக்குப் பொங்கல் நானே கோடு போட்டேன்” என்றார்.

சுவர் முழுக்கப் புதுச் சுண்ணாம்பு. அந்த ஒரு சாண் அகலம் மட்டும் பழைய நீலம். அதில் பென்சில் கோடுகள், 2010 முதல் இந்த ஆண்டு வரை பதினாறு. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஏதோ எழுதியிருந்தது. குனிந்து படித்தேன். ‘வலிப்பு வந்தது’. ‘தானாகக் குளித்தான்’. ‘ஆறு மாதம் தூக்கம் இல்லை’. ‘அப்பா இறந்தார்’. ‘ஐம்பது பெட்டி’. கடைசி மூன்று கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று.

அலைபேசியில் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பையில் நோட்டு இருந்தது. அவன் சுவரைவிட்டு நகரும் வரை காத்திருந்து, கீழிருந்து எழுத ஆரம்பித்தேன்.